எப்ப செத்தாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா வாங்கிக்கொண்டு திரும்பும்போது குட்டி மறுபடியும் ஆரம்பித்தான். "நீ இன்னா வேணா சொல்லு மச்சான், அவங்க அல்லாரும் பிளேன் வுழுந்த அன்னிக்கே செத்துட்டாங்க." மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பின்னால் ஐஸ் ஏற்றிய வண்டிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், இவனுக்கு 2010ல் முடிந்துபோன ஒரு அமெரிக்கத் தொடரின் கடைசிக் காட்சிதான் முக்கியம். வழக்கமாக நான் விடமாட்டேன். மூன்று ஆதாரம் கைவசம் இருக்கிறது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. "சரி, ஏறு" என்று வண்டியைக் கிளப்பினேன். அவனுக்கே சப்பென்று போயிருக்கும். வழியெல்லாம் பேசாமல் வந்தான்.

குட்டி என்பது அவன் பெயரில்லை. இதை எழுதப்போகிறேன் என்றதும் "பேர் மட்டும் போடாத" என்றான். எங்கள் பக்கம் தெருவுக்கு மூன்று குட்டி இருப்பார்கள், அதனால் கவலையில்லை.

தொடர் 'லாஸ்ட்'. பார்த்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், பதினைந்து வருஷம் டைம் கொடுத்தாயிற்று. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற ஓஷியானிக் 815 விமானம் ஒரு தீவில் உடைந்து விழுகிறது, பிழைத்தவர்கள் ஆறு சீசன் அங்கே அல்லாடுகிறார்கள். ஆறாவது சீசனில் பக்கத்திலேயே இன்னொரு கதை ஓடும். அதே ஆட்கள், அதே விமானம், ஆனால் விழவில்லை, பத்திரமாகத் தரையிறங்குகிறது. ஐந்தாவது சீசன் ஒரு ஹைட்ரஜன் குண்டு வெடிப்பதோடு முடிந்திருந்ததால், அதில் கிளைபிரிந்த வேறொரு உலகம் இது என்று எல்லாரையும் போல நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது. அது செத்த பிறகு வந்து சேர்கிற இடம். ஒவ்வொருவரும் தன் தன் காலத்தில், ஒருவர் முன்னே ஒருவர் பின்னே செத்துப்போய், மறுபடி ஒருவரையொருவர் கண்டுபிடிக்கத் தாங்களே சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட இடம்.

அந்த இறங்கிய விமானத்துக் கதை மட்டும்தான் மறுமை, தீவில் நடந்ததெல்லாம் நிஜம். இது என் கட்சி. தீவே மறுமைதான், முதல் காட்சியில் நாயகன் ஜாக் கண் திறக்கும்போதே எல்லாரும் செத்தாகிவிட்டது. இது குட்டியின் கட்சி. உலகம் முழுக்க இந்த இரண்டு கட்சியும் இருக்கிறது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. குட்டியின் கட்சியில்தான் கூட்டம் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பர்மா பஜார் டிஸ்க்

நாங்கள் 'லாஸ்ட்' பார்த்தது பர்மா பஜார் புண்ணியத்தில். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969ல் வந்த கடைகள் அவை. நான் அப்போது பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் அந்தப் பக்கமாகத்தான் நடந்து வருவேன். ஒரு சீசன் முழுவதையும் இரண்டே டிஸ்க்கில் அமுக்கிக் கொடுப்பார்கள். படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், சப்டைட்டில் பாதி இடத்தில் அடுத்த ஆளின் வாயில் போய் உட்காரும். டிஸ்க் வாங்கிய கையோடு ஒரு பிளேட் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), அப்புறம் பஸ். குட்டி காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். ஏப்ரல் 15லிருந்து மே 29 வரை அப்போது நாற்பத்தைந்து நாள் மீன்பிடித் தடைக்காலம் (2017லிருந்துதான் அறுபத்தொரு நாள் ஆனது). போட்டெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், ஐஸ் வாங்க ஆள் இருக்காது, கணக்கும் இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் நாட்களில்தான் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சீசன் சீசனாகப் பார்த்துத் தள்ளினோம்.

அவன் அம்மா கதவோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பார். இங்கிலீஷ் தெரியாது, அது ஒன்றும் அவருக்குத் தடையாக இல்லை. "லாஸ்ட்டுன்னா இன்னாடா, கடைசியா?" என்று ஒருநாள் கேட்டார். "இல்லம்மா, காணாமப் போறது" என்றான் குட்டி. அவர் "ஓ" என்றார். தமிழில் எழுதினாலும் காதில் கேட்டாலும் இரண்டும் ஒரே லாஸ்ட்தானே என்று எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

தியரிக்குப் பஞ்சமில்லை. கரும்புகை வடிவத்தில் ஒரு பூதம் வந்து ஆட்களைத் தூக்கி அடிக்கும், குட்டி அதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். எண்ணூர்ப் பக்கம் தினம் வருகிற புகைதான், இதுக்குப் போய் இவனுங்க ஏன் ஓடுறானுங்க என்பான். 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களை வைத்து, பிழைத்தவர்களில் ஒருவனான ஹர்லி லாட்டரி அடிப்பான். நல்ல வேளை, தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், இல்லாவிட்டால் குட்டியின் சம்பளம் அதிலேயே போயிருக்கும். சயீதாக வருகிற நவீன் ஆண்ட்ரூஸ் லண்டனில் மலையாளி அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர் என்று எங்கோ படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து சயீத் "நம்ம ஆளு", அவருக்கு அடிபட்டால் அம்மாவே உச்சுக்கொட்டுவார். நானோ பெரிய ஆராய்ச்சிக்காரன் மாதிரி நோட்டுப் போட்டு எழுதினேன். இது ஹர்லி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு காணும் கனவு, இல்லை, தொடரில் வரும் சிறுவன் வால்ட் கையில் இருக்கும் படக்கதைதான் உயிர்பெற்று நடக்கிறது, இல்லை, காலம் வட்டமாகச் சுற்றுகிறது. எல்லாம் இரவல்தான், நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துப் படித்தவை.

எல்லாரும் செத்துட்டாங்க என்ற தியரி அவற்றில் ரொம்பப் பழையது. முதல் சீசனிலேயே வந்துவிட்டது. தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் க்யூஸும் அப்போதிருந்தே இல்லை, இல்லை என்று மறுத்து வந்தார்கள். 2014ல் பத்தாவது வருஷ விழா மேடையிலும் அதையே மறுக்க வேண்டியிருந்தது. நம்ம ஊரில் ஒரு ஆள் செத்துவிட்டான் என்று வதந்தி கிளம்பினால் அவனே நேரில் வந்து நின்றாலும் நாலு பேர் நம்பமாட்டார்கள் இல்லையா, அந்தக் கதிதான்.

அந்த ராத்திரி

கடைசி எபிசோட் அமெரிக்காவில் 2010 மே 23ஆம் தேதி வந்தது. எங்களுக்கு டிஸ்க் வரும்வரை பொறுமையில்லை. ஆபீசில் என்னோடு இருந்த ஒருவர் டிவியிலிருந்து பிடித்த கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். தடைக்காலம் முடிய இன்னும் மூன்று நாளோ நாலு நாளோதான். கத்திரி வெயில், ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். குட்டி, நான், கதவோரம் அம்மா.

இறங்கிய விமானத்துக் கதையில் ஜாக் ஒரு தேவாலயத்துப் பின்கட்டு அறைக்குள் போவான். அங்கே அவன் அப்பாவின் சவப்பெட்டி. இந்தத் தொடரே அந்தப் பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது என்பது பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிட்னியில் செத்துப்போன அப்பாவின் உடலை ஊருக்குக் கொண்டுவரத்தான் ஜாக் அந்த விமானத்தில் ஏறினான். விமானம் விழுந்த பிறகு தீவில் பெட்டியைக் கண்டுபிடிப்பான், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆத்திரத்தில் பெட்டியை அடித்து நொறுக்குவான். ஆறு சீசன் கழித்து, இப்போது மறுபடி அந்தப் பெட்டி. மூடியைத் திறக்கிறான். காலி. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. திரும்பினால் அப்பா நிற்கிறார்.

"யாரு அது, அந்தப் புள்ளயோட நைனாவா?" என்று கேட்டார் அம்மா. ஆமாம் என்றேன். "பெட்டில இல்லியா?" இல்லைம்மா, அது வேற விஷயம் என்று நான் படத்தை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்தேன். தீவில் அந்த அப்பா உருவத்தில் வந்தது கரும்புகைதான், இது அது இல்லை, இது மறுமை, இங்கே 'இப்போது' என்ற ஒன்றே கிடையாது என்று. பத்து நிமிஷமாவது பேசியிருப்பேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பெட்டில இல்லாதவங்க நேர்ல வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்பை அணைக்கப் போனார். பாவம், புரியவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் முடிவு. மூங்கில் காட்டில் ஜாக் விழுந்து கிடக்கிறான், வின்சென்ட் நாய் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது, கண் மூடுகிறது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பின்னணியில் இசை இல்லை. கடற்கரை, அலை, மணலில் உடைந்து கிடக்கும் விமானம். ஒரு ஆள் கூட இல்லை. குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா" என்றான். "ஒருத்தனும் பொழைக்கல. அன்னிக்கே முடிஞ்சிருக்கு."

அன்று ராத்திரி ஒரு மணி வரை சண்டை. மொட்டை மாடியில் நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுத் தாத்தா எழுந்து வந்து, யார்ரா செத்தது என்று பதறிப்போய்க் கேட்டார்.

மூன்று ஆதாரம்

ஒன்று, சாகும்போது ஜாக் தலைக்கு மேல் ஒரு விமானம் பறந்து போவதைப் பார்க்கிறான், அதில் சிலர் தீவிலிருந்து தப்பிப் போகிறார்கள். எல்லாரும் செத்தவர்கள் என்றால் யார் எங்கே தப்பிப் போகிறார்கள்? இரண்டு, ஜாக்கின் அப்பா வாயாலேயே சொல்லிவிடுகிறார், உனக்கு நடந்ததெல்லாம் நிஜம், எல்லாரும் ஒருநாள் சாகத்தான் வேண்டும், சிலர் உனக்கு முன்னாலேயே, சிலர் உனக்கு ரொம்பக் காலம் கழித்து என்று. மூன்று, தேவாலய வாசலில் ஹர்லியும் முன்பு வில்லனாக இருந்த பென்னும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். ஜாக் போன பிறகு இவர்கள் இருவரும் சேர்ந்து தீவைப் பார்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். அந்த உடைந்த விமானக் காட்சியைப் போட்டது கதை எழுதியவர்களே இல்லை, ஏபிசி சேனல்காரர்கள். அழுதுகொண்டிருக்கும் ஜனங்களை அப்படியே நியூசுக்குள் தள்ளக்கூடாது, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று பழைய காட்சித் துண்டுகளை ஒட்டினார்கள். அதுவே வினையாகி, கதையோடு சம்பந்தமில்லை என்று அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தனையும் குட்டிக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்பான். கேட்டுவிட்டு, "அப்ப ஆள எங்க?" என்பான். இது ஒன்றுதான் அவன் கேள்வி. கடற்கரையில் பிளேன் கிடக்கிறது, ஆள் எங்கே.

உண்மையில் அந்த முடிவில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன என்பது என் எண்ணம், அவற்றை யாரும் சரியாகக் கேட்பதில்லை. தேவாலயத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மகனுக்காக என்னவெல்லாமோ செய்த மைக்கேல் இல்லை. அவனைத் தீவிலேயே முணுமுணுக்கும் ஆவியாக அலைய விட்டுவிட்டார்கள். அவன் மகன் வால்ட் இல்லை. பிறகு டிவிடியில் வந்த பன்னிரண்டு நிமிஷத் துண்டுக் கதையில் வால்ட்டைத் தேடிப்போய் அழைத்துவருகிறார்கள், கேட்டதற்காகப் போட்ட பிச்சை மாதிரி. பிழைத்தவர்களில் ஒருவனான எக்கோ இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சொந்தக்காரர்களைப் போல இவர்கள் எல்லாம் எங்கோ நிற்கிறார்கள். ஆனால் பென் மட்டும் வாசல் வரை வந்துவிட்டு, எனக்கு இன்னும் சில கணக்கு பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி உள்ளே போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறான். மொத்த முடிவிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒரு இடம்தான். இதையெல்லாம் பேசலாம் என்று கூப்பிட்டால் குட்டி வரமாட்டான். அவனுக்கு எப்ப செத்தாங்க என்பது தீர்ந்தாக வேண்டும்.

பிளாஸ்டிக் கவர்

குட்டியின் நைனா 2003 தீபாவளி கழிந்து அடுத்த வாரம் கடலுக்குப் போனார். பைபர் போட், மூன்று பேர். திரும்பவில்லை. நானும் அவனும் அப்போது பன்னிரண்டாவது, ஒரே பெஞ்ச். அவன் பதினைந்து நாள் பள்ளிக்கூடம் வரவில்லை, வந்த பிறகு யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம். இங்கே ஏன் இவ்வளவு தள்ளி எழுதுகிறேன் என்றால், இத்தனை வருஷமும் என் மண்டையிலும் அது இவ்வளவு தள்ளித்தான் இருந்தது. தொடர் ஒரு அறையில், குட்டியின் நைனா வேறு அறையில்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் சத்தம். பேண்டு, பட்டாசு, தெரு முழுக்கப் பூ, ராத்திரி விடிய விடிய கானா. செத்தவர் யாருக்கு என்ன செய்தார், யாரோடு சண்டை போட்டார், எப்படிச் சிரிப்பார் என்று எல்லாவற்றையும் பாட்டில் வைத்துப் பாடி, உடம்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை அழவும் வைத்துச் சிரிக்கவும் வைத்து அனுப்புவார்கள். குட்டி வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. உடம்பு இல்லை என்றால் சாவும் இல்லை. அவன் அம்மா பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. குடும்ப அட்டையில் நைனா பெயர் இருந்தது, அவர் பங்குச் சர்க்கரையும் மாதாமாதம் வந்தது. 2006, 2009, 2011 என்று மூன்று தேர்தலிலும் வாக்காளர் பட்டியலில் இருந்தார்.

2012ல் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது, காரியம் செய்தார்கள். அதற்கு நான் போயிருந்தேன். ஒரு போட்டோவுக்கு மாலை போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து ஒருவர் கானா பாடினார். நல்ல குரல். ஆனால் போட்டோவில் இருந்தவர் முப்பது வயசுக்காரர், ரொம்பப் பழைய ஸ்டுடியோ படம், அதைப் பார்த்து யாருக்கும் சரியாக அழ வரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று ராத்திரி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு குட்டியின் சித்தப்பா மகனுக்கு நான் 'லாஸ்ட்' கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

2022ல் வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றும் வேலை வந்தது. மனு எழுதுவது எங்கள் தெருவில் என் தலையில்தான் விடியும். குட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாத் தாளையும் கொண்டுவந்தான். நைனாவின் இறப்புச் சான்றிதழை எடுத்தேன். இறந்த தேதி என்ற இடத்தில் 2012 பிப்ரவரியில் ஒரு நாள் போட்டிருந்தது. "டேய், வருஷம் தப்பா இருக்குடா. திருத்தம் போட்டுக் கொடுத்துடலாம், பெரிய வேலை இல்ல" என்றேன்.

"தப்பு இல்ல" என்றான். "கோர்ட்டு அப்டிதான் சொல்லிச்சு."

அப்புறம்தான் உட்கார்ந்து சொன்னான். அப்போது இருந்த சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. ஒருவர் உயிரோடு இருந்தால் யார் யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். செத்துவிட்டார் என்று சட்டம் நேராகச் சொல்வதில்லை, இருக்கிறார் என்றால் காட்டு என்கிறது. ஏழு வருஷம் முடிந்தது 2010 கடைசியில். நாங்கள் மொட்டை மாடியில் கத்திக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு இன்னும் ஆறு மாசம் பாக்கி, வக்கீல் நாள் எண்ணிச் சொல்லியிருந்தார். மனு போட்டு, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, வாய்தா வாய்தாவாக அலைந்து தீர்ப்பு வாங்கினார்கள். அந்தத் தீர்ப்பு தேதியையே இறந்த தேதியாக எழுதிக்கொண்டார்கள். ஒருவர் செத்துப்போனதாகச் சட்டம் அனுமானிக்கலாம், எந்த நாளில் என்பதை அனுமானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2004ல் ஒரு இன்சூரன்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. எந்த நாள் என்பதை வேறு சாட்சி வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். கடலில் போனவருக்கு யார் சாட்சி?

"பேப்பர்படி பாத்தா எங்க நைனா எட்டு வருஷம் உயிரோட இருந்து, வீட்டுக்கு வராமலே செத்தவரு" என்றான் குட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் தாளைக் கவருக்குள் வைத்தேன். அவன் நிறுத்தவில்லை. "போட்டு கெடக்குதுன்னு பழவேற்காட்லேந்து தகவல் வந்துச்சுல்ல, அஞ்சாம் நாளு. சித்தப்பா என்னியும் இட்டுனு போனாரு. மணல்ல ஏறி ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு மச்சான். இன்ஜின் இல்ல. அலை அடிக்குது, ஒரு செருப்பு கூட இல்ல. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு, அன்னிக்கே முடிஞ்சுபோச்சுன்னு. அம்மாட்ட தான் சொல்லல. வேற கரைல ஒதுங்கி இருப்பாரு, ஆந்திரால இருப்பாருன்னு அல்லாரும் சொல்லினு இருந்தாங்க. நானும் ஆமா ஆமான்னேன்." அந்தப் படகை இழுத்துவந்து காசிமேட்டில் போட்டு வைத்திருந்தார்களாம். 2004 டிசம்பர் 26 சுனாமி அதையும் கொண்டுபோய்விட்டது.

மனு எழுத ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. அலை, மணல், ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிற ஒன்று, ஆள் இல்லை. எனக்கு அது சேனல்காரன் ஒட்டிய துண்டுக் காட்சி. குட்டி அதை ஏற்கெனவே ஒரு தடவை நேரில் நின்று பார்த்தவன். வீட்டில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தை, 'அன்னிக்கே செத்துட்டாங்க' என்பதை, அவன் வாய்விட்டுச் சொல்ல இருந்த ஒரே இடம் இந்தத் தொடர்ச் சண்டைதான் போல. ஒவ்வொரு தடவை அவன் சொன்னபோதும் நான் தப்பு, தப்பு என்று மூன்று ஆதாரத்தோடு திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பெட்டியைத் திறந்தால் அப்பா இல்லை, திரும்பினால் நிற்கிறார். இதைப் பார்த்துவிட்டு, பெட்டில இல்லாதவங்க நேர்ல வர்றாங்க என்று சொல்லிப் போனவர் நெற்றியில் அன்று பொட்டு இருந்தது. ஒரே எபிசோடைப் பார்த்து அம்மாவும் பிள்ளையும் நேர் எதிராக இரண்டு முடிவுக்கு வந்து, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஒரே வீட்டில் படுத்திருக்கிறார்கள். நடுவில் நான், இது மறுமை, இங்கே 'இப்போது' கிடையாது என்று சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டு. 'இப்போது' இல்லாத இடம் என்பது அறிவாளித்தனமாகப் பேச நன்றாகத்தான் இருக்கிறது. முதல் சீசனிலேயே செத்த பூனும், ரொம்பக் காலம் வாழ்ந்து செத்திருக்கக்கூடிய ஹர்லியும் அங்கே ஒரே வயசில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. திதி கொடுக்கத் தேதி தெரியாதவர்களுக்கு அது எட்டாத சொகுசு. குட்டியின் அம்மா 2012க்குப் பிறகு மகாளய அமாவாசையில்தான் கொடுக்கச் சொல்கிறார். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த நாள் அது. கோர்ட்டு போட்ட தேதியை அவர் ஒரு தடவைகூட வாயில் எடுத்ததில்லை.

தீவு நிஜம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது பின்னூட்டத்தில் வந்து எல்லாரும் செத்தவர்கள்தான் என்று எழுதினால் மூன்று ஆதாரத்தையும் எடுத்துக்கொண்டு வருவேன். குட்டியிடம் மட்டும் வாய் வரவில்லை. நான் பதில் சொல்லாததை அவனும் ரசிக்கவில்லை, அது அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. இரக்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டானோ என்னவோ.

சாயங்காலம் அவனே போன் செய்தான். சங்கராக் குழம்பு வைத்திருக்கிறது, வா என்றான். போனேன். சாப்பிட்ட பிறகு லேப்டாப்பை எடுத்து வைத்து, கடைசி எபிசோட், கடைசிக் கால் மணி நேரம். அம்மா இப்போது கட்டிலில் படுத்தபடிதான் பார்க்கிறார், கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. பெட்டி வந்தது, திறந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாய் வந்து படுத்தபோது மட்டும், "அத்த யாரு அப்பறம் பாத்துக்குனாங்க?" என்றார். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தியரியிலும் இது வரவில்லை.

கண் மூடியது. பெயர்கள் ஓடப்போகின்றன என்று தெரிந்து என் கை நிறுத்தப் போனது. குட்டி என் கையைத் தட்டிவிட்டான். "வுடு, ஓடட்டும்."

அலை. மணல். உடைந்த விமானம்.

"பாத்தியா" என்றான். "ஒருத்தனும் இல்ல."

எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. "அது சேனல்காரன் போட்டதுடா."

"எவன் போட்டா இன்னா மச்சான்" என்றான் குட்டி, முகம் மலர்ந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு. "போட்டான்ல?"